தள்ளிவிட்டால் மட்டும் போதாது: புராஜெக்ட் ஜோனா திமிங்கில மீட்புப் பயிற்சி, ஒரு நாள் அனுபவம்

நியூசிலாந்தில் இருப்பவர்களுக்கு, படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஓரிரு வருடம் வந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சனிக்கிழமையை இதற்குக் கொடுங்கள். புராஜெக்ட் ஜோனா என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ஒருநாள் பயிற்சி இது. கரை ஒதுங்கிய திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் (டால்பின்) எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்படித் திரும்பக் கடலில் சேர்ப்பது என்று சொல்லித்தருகிறார்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கடற்கரை. முடித்தால் உங்கள் பெயர் தன்னார்வலர் பட்டியலில் சேரும். எங்காவது கரை ஒதுங்கினால் கூப்பிடுவார்கள்.

நான் போனதற்குக் காரணம் மணப்பாடு. 2016 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, 11ஆம் தேதி சாயங்காலம் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின. செய்தி கேட்டு நான் சென்னையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நின்ற ஊர்க்காரர்கள் ஈரத் துணியோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா அதில் ஒருவர். படகை வைத்து ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள், விட்டதில் பல திரும்பி அதே கரைக்கு வந்தன. மறுபடி இழுத்தார்கள், மறுபடி வந்தன. குறைந்தது 45 செத்துப்போயின. "சாகணும்னே வருதுக போல" என்று சித்தப்பா சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. அதே கரையில் 1973 ஜனவரியிலும், கிட்டத்தட்ட இதே தேதிகளில், 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதை ஊரில் வயதானவர்கள் அப்போது நினைவுபடுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் திரும்பி வந்தன என்ற கேள்வி மட்டும் எனக்குள் கிடந்தது. ஆக்லாந்துக்கு வேலைக்கு வந்த பிறகு இப்படி ஒரு பயிற்சி இருப்பது தெரிந்ததும் பதிவு செய்துவிட்டேன்.

புராஜெக்ட் ஜோனா 1974இல் தொடங்கியது. மீட்பு வேலைக்குச் சட்டப்படி பொறுப்பு அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு, இவர்கள் அதோடு சேர்ந்து வேலை செய்யும் தன்னார்வலர்கள். அந்த நாட்டுக்கு இப்படி ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு எண்களே போதும். வருடத்துக்குச் சராசரியாக 300 திமிங்கிலங்களும் ஓங்கில்களும் அங்கே கரை ஒதுங்குகின்றன. 1918இல் சாத்தம் தீவுகளில் ஒரே நேரத்தில் ஆயிரம். 2017 பிப்ரவரியில் ஃபேர்வெல் ஸ்பிட் என்ற மணல்திட்டில் 416, பெரும்பாலானவை ஆள் பார்ப்பதற்கு முன்பே இறந்துவிட்டன. மறுநாளே இன்னொரு கூட்டம், 200க்கும் மேல், அதே இடத்துக்கு வந்தது.

சரி, வகுப்பு. பேனாவும் நோட்டும் எடுத்துப் போங்கள். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை, முக்கியமாக ஆழத்தில் முங்கும் இனங்களின் உடம்பைப் பற்றிச் சொன்ன பகுதியில்.

நாம் ஒரு மூச்சு விட்டு இழுத்தால் நுரையீரலில் இருக்கிற காற்றில் ஏழில் ஒரு பங்குகூட மாறாது. திமிங்கிலம் ஒரே மூச்சில் 80 சதவீதத்துக்கு மேல் மாற்றிக்கொள்ளும். ஆனால் அது முங்கும்போது நுரையீரலை நம்பிப் போவதில்லை, இதுதான் எனக்குப் புதிது. முத்துக்குளிக்கிறவர் மாதிரி நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டுதான் இறங்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஆழம் போகப்போக விலா எலும்புகள் வளைந்துகொடுத்து நுரையீரல் அப்படியே சுருங்கி மூடிக்கொள்கிறது, உள்ளே இருக்கிற நைட்ரஜன் ரத்தத்தில் கலக்க வழி கொடுக்காமல். ஆக்சிஜன் இருப்பது ரத்தத்திலும் தசையிலும். தசையில் மயோகுளோபின் என்ற புரதம், நம் தசையில் இருப்பதைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால்தான் திமிங்கிலத்தின் இறைச்சி சிவப்பாக இல்லாமல் கருப்பாக இருக்கிறது. மணப்பாட்டில் செத்த திமிங்கிலங்களைப் பரிசோதனைக்கு அறுத்தபோது அந்தக் கருப்பை நான் பார்த்தேன், அழுகிவிட்டது என்று நினைத்தேன். அழுகல் இல்லை, அது அதன் ஆக்சிஜன் இருப்பு. இவ்வளவு புரதத்தை ஒரே இடத்தில் அடைத்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட வேண்டும். ஆழத்தில் முங்கும் விலங்குகளின் மயோகுளோபினில் மின்னூட்டம் கூடுதலாக இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு திரளாமல் இருக்கின்றன. 2013இல்தான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதோடு இதயத் துடிப்பு வெகுவாகக் குறைகிறது, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகும், மற்ற இடங்களுக்கு ஓட்டம் சுருங்கும். பைலட் திமிங்கிலம் இப்படி 600, 800 மீட்டர் இறங்கிக் கணவாயைப் பிடிக்கிறது, அதன் குறுந்துடுப்பு இனம் ஆயிரம் மீட்டர் வரைகூடப் போகும். கேனரி தீவுப் பக்கம் அவற்றின் உடம்பில் கருவி ஒட்டிப் பார்த்தபோது, அந்த ஆழத்தில், மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிற நிலையில், வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் இரையைத் துரத்தியது தெரியவந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒரு மணி நேரம்வரை உள்ளேயே இருக்கும். எல்லாவற்றையும் தாண்டி நிற்பது கூவியர் அலகுத் திமிங்கிலம், அலகு மாதிரி வாய் உள்ள ஆழ்கடல் வகைகளில் ஒன்று. 2,992 மீட்டர் ஆழம் ஒரு தடவை, 3 மணி 42 நிமிடம் ஒரு தடவை பதிவாகியிருக்கிறது. மூன்றே முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் இருந்துவிட்டு மேலே வந்திருக்கிறது அந்த ஜீவன். இதைச் சொன்னபோது வகுப்பில் யாரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அப்புறம்தான் மனதைப் பிசைந்த விஷயம் வந்தது. இவ்வளவு ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்குகிற உடம்பு, தன் சொந்த எடையைத் தாங்காது. தண்ணீர் எப்போதும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பதால் அதன் எலும்புக்கு அந்த வேலை கொடுக்கப்படவே இல்லை. மணலில் கிடக்கும்போது இரண்டு டன் எடை கீழ்ப்பக்கத்துத் தசையை நசுக்குகிறது, ரத்த ஓட்டம் அங்கே நின்றுபோகிறது. நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஆழத்தில் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே பொருள்! இடிபாடுகளில் மணிக்கணக்கில் சிக்கியிருந்து மீட்கப்பட்டவர்கள் சில நேரம் அதற்குப் பிறகு இறந்துபோவது இதே காரணத்தால்தான். பூகம்பச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அதனால் கரையில் பல மணி நேரம் கிடந்த திமிங்கிலத்தை நாம் தள்ளிவிட்டு அது நீந்திப் போனாலும், உள்ளே சேதம் நடந்து முடிந்திருக்கலாம்.

கொழுப்புப் படலமும் அப்படித்தான். குளிர்ந்த கடலில் அது கம்பளி, வெயிலில் அதே கம்பளியைக் கழற்ற முடியாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். நியூசிலாந்துக் குளிரிலேயே இந்தக் கதி என்றால் மணப்பாட்டு வெயிலில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் கரைக்கு வருகின்றன என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது, கிடையாது என்றே சொல்லித்தந்தார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நோய், காயம், வயது, இரையைத் துரத்திக்கொண்டு ஆழமில்லாத இடத்துக்குள் வருவது, எல்லாம் உண்டு. ஃபேர்வெல் ஸ்பிட்டின் அமைப்பே ஒரு பொறி. வளைந்த கொக்கி மாதிரி கிலோமீட்டர் கணக்கில் கடலுக்குள் நீண்டிருக்கும், உள்பக்கம் தரை மிக மெல்லச் சரியும், கடல் வற்றும்போது தண்ணீர் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கிவிடும். திமிங்கிலம் ஒலி எழுப்பி எதிரொலியை வைத்துத்தான் இடத்தைப் புரிந்துகொள்கிறது. செங்குத்துப் பாறையில் பட்டால் எதிரொலி திரும்பி வரும், இப்படி மெல்லச் சரியும் மணலில் பட்டால் தெளிவாக வராது. எதிரே திறந்த கடல் இருப்பது போலவே இருக்கும். ஆழ்கடலில் வாழ்ந்து பழகிய கூட்டத்துக்கு இந்த இடம் புரியவே புரியாது.

அலகுத் திமிங்கிலங்களுக்கு மட்டும் ஒரு காரணம் நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது, கடற்படைகள் நீர்மூழ்கிகளைத் தேட நீருக்குள் பலத்த ஒலியை அனுப்பும் சோனார். 2000 மார்ச்சில் பஹாமாஸில், 2002 செப்டம்பரில் கேனரி தீவுகளில், கடற்படைப் பயிற்சி நடந்த அதே நேரத்தில் ஒதுங்கின. கேனரியில் ஒதுங்கிய 14இல் சிலவற்றை அறுத்துப் பார்த்தபோது உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் இருந்தன, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் ஸ்கூபாக்காரர்களுக்கு வருவது போல. அந்தச் சத்தத்துக்குப் பயந்து தன் முங்கும் ஒழுங்கை மாற்றிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் விளக்கம். 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி இந்தச் சோனாரைத் தடை செய்தது, அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அங்கே அலகுத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கவில்லை. மனிதன் நினைத்தால் நிறுத்த முடிகிற விஷயம், நிறுத்தியும் காட்டியிருக்கிறார்கள். மற்ற கடல்களில் ஏன் இன்னும் செய்யவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரை. இதற்கு வெட்சூட், அதாவது குளிர்நீரில் போடும் ரப்பர் உடை, வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை, நான் வழியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன், தோள்பட்டைத் தையல் விட்டுப்போயிருந்ததைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும், குளிர்நீர் முதுகில் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கே எடுத்தாலும் போட்டுப் பார்த்து, குனிந்து நிமிர்ந்து பார்த்து எடுங்கள்.

மணலில் நிஜ அளவுக்குச் செய்த திமிங்கிலப் பொம்மைகள், உள்ளே தண்ணீர் நிரப்பி. பொம்மை என்றதும் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பைலட் திமிங்கிலப் பொம்மையை எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பக்கம் புரட்டவே மூச்சு வாங்கியது. ஒரு திமிங்கிலத்தின் எடை என்றால் என்ன என்று என் கைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் கேட்ட ஒவ்வொன்றும் வேறு மாதிரி புரிந்தது.

முதல் வேலை அதை நிமிர்த்தி வயிற்றில் படுக்கவைப்பது. பக்கவாட்டில் கிடந்தால் தண்ணீர் ஏறும்போது தலை உச்சியில் இருக்கும் மூச்சுத்துளை மூழ்கிவிடும், மணலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த திமிங்கிலம் அரை அடித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். புரட்டும்போது பக்கத் துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை மொத்தமும் அதன்மேல் வந்து முறியும். நிமிர்த்திய பிறகு துடுப்புகளுக்குக் கீழே மணலைத் தோண்டிப் பள்ளமாக்க வேண்டும், அதில் தண்ணீர் நிறைத்தால் சூடும் தணியும். பழைய பெட்ஷீட்டை நனைத்து முதுகில் போர்த்த வேண்டும். மூச்சுத்துளையை மூடக் கூடாது, அதற்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் பயிற்சியிலேயே இரண்டு பேர் வாளியைத் தூக்கித் தலைமேல் ஊற்றப்போனார்கள். பதற்றத்தில் கை அங்கேதான் போகிறது. வால் பக்கம் நிற்கவே கூடாது. சத்தம் போடாமல், ஓடாமல், மெதுவாகப் பேசி வேலை செய்ய வேண்டும், திமிங்கிலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறது. நிஜத்தில் பக்கத்தில் கிடக்கும் இன்னொன்று குரல் கொடுத்தால் இது பதில் குரல் கொடுக்குமாம்.

ஆக, பிறகு காத்திருப்பு. கடல் ஏறும்வரை வேறெதுவும் செய்வதற்கில்லை. ஏறியதும் திமிங்கிலத்துக்குக் கீழே ஒரு தடித்த பாயை நுழைத்து, இரண்டு பக்கமும் காற்றடைத்த நீளமான மிதவைகளை மாட்டுகிறார்கள். வாலில் கயிறு கட்டி இழுப்பது இங்கே அறவே கூடாது. வால் மூட்டு பிசகினால் அது நீந்தவே முடியாது, பின்பக்கமாக இழுத்தால் மூச்சுத்துளைக்குள் தண்ணீர் போகும். பாயோடு சேர்த்து மிதக்கவைத்து, தலை கடலைப் பார்க்க, ஆழம் இடுப்பளவு வந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்திவிட வேண்டும், அனுப்பிவிடக் கூடாது. என் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது.

பல மணி நேரம் ஒரு பக்கமாகக் கிடந்த உடம்பு மரத்துப்போயிருக்கும், நிமிர்ந்து மிதக்கத் தெரியாது, நேராக நீந்த வராது. அரை மணி நேரமோ அதற்கு மேலோ அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தானாக மூச்சுக்கு மேலே எழும்வரை. அதோடு ஒன்றை மட்டும் விடக் கூடாது. பைலட் திமிங்கிலம் பிறந்த கூட்டத்தோடு வாழ்நாள் முழுவதும் இருக்கும் இனம். கரையில் இன்னும் ஒன்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் விடப்பட்டது அதைத் தேடி வரும். அதனால் எல்லாவற்றையும் ஆழத்தில் சேர்த்து நிறுத்தி, ஒன்றை ஒன்று கேட்கவிட்டு, ஒரே நேரத்தில் விட வேண்டும். விட்ட பிறகு ஆட்கள் கைகோர்த்து வரிசையாகத் தண்ணீரில் நின்று கரைக்கு வழியை அடைக்க வேண்டும். ஒவ்வொன்றாக இழுத்துப்போய் விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

மணப்பாட்டில் நடந்தது அதுதான். சாக வேண்டும் என்று எதுவும் வரவில்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் ஒதுங்கிய கூட்டங்களின் மரபணுவைப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. ஒரே கூட்டத்தில் பல தாய்வழிகள் கலந்திருந்தன, குட்டிகள் தாயின் பக்கத்தில் இல்லை. அதாவது ஒதுங்கும்போதே குடும்பங்கள் குலைந்துபோயிருக்கின்றன. பக்கத்தில் கிடப்பதுதான் தாய் என்று நினைத்து ஒரு குட்டியை அதோடு அனுப்புவது தப்பாகவும் போகலாம். எல்லாவற்றையும் ஒன்றாக விடுவதற்கு இது இன்னொரு காரணம்.

கஷ்டமான பகுதி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. 2018 நவம்பரில் ஸ்டூவர்ட் தீவில் ஆளில்லாத கடற்கரையில் 145 ஒதுங்கின, பாதி ஏற்கெனவே இறந்திருந்தன, மீதியைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. சாத்தம் தீவுகளில் பெரிய வெள்ளைச் சுறாக்கள் இருப்பதால் ஆட்களைத் தண்ணீரில் இறக்குவதே இல்லை, 2022 அக்டோபரில் அங்கே நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோதும் அதே முடிவுதான். அந்த முடிவை எடுப்பது அரசுத் துறை, தன்னார்வலர் இல்லை. ஆனால் நீங்கள் மணிக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய ஒன்றைப் பற்றி அப்படி முடிவெடுக்கலாம் என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது. இளகிய மனசுக்காரர்கள் இதை யோசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இறந்துபோனவற்றிடம் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் நடந்துகொள்ளும் விதமும் என்னைத் தொட்டது. திமிங்கிலம் அவர்களுக்கு மூதாதை மாதிரி. பிரார்த்தனை செய்து, பெயர் வைத்து, எலும்பை மரபுப்படி எடுத்துக்கொண்டு மற்றதைப் புதைக்கிறார்கள். 2024 ஜூலையில் ஒட்டாகோ கடற்கரையில் உலகிலேயே மிக அரிதான அலகுத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது, ஐந்து மீட்டர் நீளம். அந்த இனத்தில் மொத்தமே ஏழுதான் இதுவரை மனிதர் கையில் கிடைத்திருக்கின்றன, கடலில் உயிரோடு இருப்பதை யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை. அந்த டிசம்பரில் விஞ்ஞானிகளும் அந்தப் பகுதி மாவோரிகளும் ஒரே அறையில் நின்று அதை அறுத்து ஆராய்ந்தார்கள். வயிறு ஒன்பது அறையாக இருந்தது. எங்கோ அடி ஆழத்தில் நூற்றாண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கரை ஒதுங்கியவை சொன்னதுதான்.

யாருக்கு இது ஒத்துவரும்? நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் குளிரில் நிற்கவும் குனிந்து நிமிரவும் முடிய வேண்டும். இடுப்புவலி, முழங்கால்வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வாளி, துணி, குறிப்பெடுத்தல் என்று கரையிலேயே வேலை நிறைய உண்டு. சூடாகக் குடிக்க ஃபிளாஸ்கில் ஏதாவது, மாற்றுடுப்பு, கம்பளித் தொப்பி கட்டாயம். கோடையில்தான் திமிங்கிலங்கள் அதிகம் ஒதுங்கும், அதற்கு முன்னால் முடித்துவிடுவது நல்லது. பயிற்சி இல்லாமல் ஒதுங்கிய ஒன்றைப் பார்த்தால் தொடாமல் முதலில் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள். என் கணக்கில் இதற்கு ஐந்துக்கு ஐந்து.

அன்று ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடுவில் பேசவே இல்லை. கடைசியில், "நாங்க வாலுலதானப்பா கயிறு கட்டி இழுத்தோம்" என்றார்.

"உங்களுக்கு யாரும் சொல்லித்தரலியே சித்தப்பா. ராத்திரி பூரா தண்ணியில நின்னீங்களே, இங்க உள்ளவங்களும் அதைத்தான் செய்றாங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "அந்தப் பாயி, ரெண்டு பக்கமும் காத்தடைச்சதுன்னு சொன்னியே, அது எத்தனை முழம் இருக்கும்? நம்ம வலைக்கூடத்துல ரப்பர் மிதவை கெடக்கு, தார்ப்பாயிலே தைச்சுப் பாக்கலாம்லா?"

நீளம், அகலம், கைப்பிடி எங்கெங்கே வருகிறது என்று நோட்டில் வரைந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன்.